விருந்தாளிக் கப்பு

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பேசாமல் பேனாவை மூடி வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். ரேஷன் கடையில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட, வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூசிக்கொண்டுதான் முன்னால் போவேன். வீட்டுக் கணக்கும் பிள்ளைகளின் லீவு லெட்டரும் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு போஸ்டர். அப்பா இறந்தபோது விருத்தாசலம் பஸ் நிலையம் வரைக்கும் போஸ்டர் ஒட்டினார்கள். அவர் பெயருக்கு முன்னால் ‘சமூகப் போராளி’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போன வருஷம் அம்மா இறந்தாள். அச்சகத்துக்காரர் அண்ணனுக்குப் போன் செய்து, “அம்மா பேருக்கு முன்னால என்னாங்க போடட்டும்?” என்று கேட்டார். அண்ணன் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். எனக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. வெறும் பெயர் போதும் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பல நாள் யோசித்தும் ஒரு வார்த்தை அகப்படவில்லை. வார்த்தை அகப்படாவிட்டால் என்ன, நடந்ததைச் சொல்லிவிடலாமே என்று தோன்றியது.

எங்கள் கிராமம் விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் பக்கம் இருக்கிறது. ஊர் ஒரு பக்கம், எங்கள் காலனி ஒரு பக்கம், நடுவில் ஒரு வாய்க்கால். நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடமும் இரண்டு. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊருக்குள் ஓட்டுக் கட்டடம், எங்களுக்குக் காலனி ஓரத்தில் ஒன்று. காலனிப் பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் சேரக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சட்டத்தில் இல்லாததால் யாராலும் அதை மாற்றவும் முடியவில்லை.

அப்பா ஒருமுறை மாற்றிப் பார்த்தார். அண்ணனை ஊர்ப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சேர்த்துக்கொண்டார்கள். வாசற்படிக்கு உள்பக்கம் ஒரு சாக்கை விரித்து அண்ணனை அதில் உட்காரச் சொன்னார்கள். தாகம் எடுத்தால் கையைக் குவித்து நிற்க வேண்டும், யாராவது மேலிருந்து ஊற்றுவார்கள். யாருக்கும் நேரம் இல்லையென்றால் தாகம் இல்லை. ஒரு வருஷம் அந்தச் சாக்கில் உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு நாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு நேராகக் காலனிப் பள்ளிக்குப் போய் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கு ஆரம்பித்தது அப்பாவின் அலைச்சல். ஒரே பள்ளி வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார வேண்டும், ஒரே பானையில் தண்ணீர் குடிக்க வேண்டும். இதுதான் அவர் கேட்டது. விருத்தாசலத்தில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். உள்ளே கூப்பிடும் வரை வேப்பமரத்தடியில் நின்றார். காலனியில் மன்றம் ஒன்று வைத்திருந்தார்கள், அதற்கு அவர்தான் செயலாளர். வேலை நாளில் அலைந்தால் கூலி போய்விடும் என்பதால், சூளை ஆறும் நாளாகப் பார்த்துத்தான் மனுவைத் தூக்கிக்கொண்டு போவார்.

சூளை என்றது செங்கல் சூளையை அல்ல. அப்பாவும் அம்மாவும் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் வேலை செய்தார்கள். கப்பு, சாசர், சின்னச் சின்னப் பொம்மைகள் செய்யும் இடம். அப்பாவுக்குச் சூளையில் அடுக்கும் வேலை. நெருப்பு அணைந்ததும் உடனே திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெடித்துவிடும். ஆறுகிற வரைக்கும் அவருக்கு வேலை இல்லை. அம்மாவுக்குக் கப்புக்குக் காது ஒட்டுகிற வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரக் கப்பில் மண் கரைசலைத் தொட்டு வைத்து, வளைந்த காதை ஒட்டி, கட்டை விரலால் ஒரு நீவு நீவி வைப்பாள். எங்கள் வீட்டில் யார் தலைவலி என்றாலும் அதே விரலால் அதே மாதிரிதான் நெற்றியை நீவுவாள்.

நான் நாலாவது படித்த வருஷம் ஐப்பசி மழையில் ஊர்ப் பள்ளியின் பின்பக்கச் சுவர் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாருக்கும் அடி இல்லை. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கட்டடத்தைச் சரிபண்ணும் வரைக்கும் ஊர்ப் பிள்ளைகளைக் காலனிப் பள்ளியில் உட்கார வைக்கலாம், அது காங்கிரீட் கட்டடம், இடமும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரில் யாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடந்தது. தைப் பொங்கல் முடிந்து, திருவிழாவுக்கு மண்டபத்தில் வெள்ளையடிக்க வேண்டும் என்றானபோது பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. அப்பா மறுபடியும் ஆபீஸுக்குப் போனார். இந்த முறை அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். மாசி பிறந்ததும் ஊர்ப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வருவதாக ஏற்பாடாகிவிட்டது.

அந்தச் செய்தியோடு அப்பா சைக்கிளில் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலனி முனையிலிருந்தே மணி அடித்துக்கொண்டு வந்தார். தங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் அப்படி வரவில்லை என்று அம்மா சொன்னாள்.

அன்று மன்றத்தில் கூட்டம். என் பெரியப்பா, அப்பாவுடைய அண்ணன், முதலில் வாயைத் திறந்தார். அவருக்கு எதையும் நேராகப் பேச வராது.

“எல்லாம் சரிடா. நம்ம பெரிய புள்ளைய உக்கார வச்ச சாக்கு எங்க இருக்குது?”

“எதுக்குண்ணே இப்ப அது?”

“ரெண்டு ஒட்டுப் போட்டு வாசல்ல விரிப்போம். வரவங்க உக்காரணும் இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

“அண்ணே, சாக்கு விரிக்கறதுக்கா இத்தன நாளு நான் அலைஞ்சேன்? வரவங்க சின்னப் பசங்க. அவங்களுக்கு ஒரு கொறயும் வரக் கூடாது. ஒரு பய ஊருல போயி, காலனியில எங்கள இப்பிடி வச்சாங்கன்னு சொல்லிடக் கூடாது.”

“அப்ப பாயி விரி. பன்னீர் தெளி. நான் வேணா மோளம் அடிக்கிறேன்.”

பெரியப்பா கேலியாகச் சொன்னதில் பாதியை அப்பா நிஜமாகவே செய்தார். புதுக் கோரைப்பாய் வாங்கி வந்தார். மன்றத்துப் பையன்களை வைத்துப் பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் பெருக்கிக் குப்பை அள்ளினோம். எங்கள் டீச்சர், “நாளைக்கு யாரும் எண்ணெ வைக்காம வராதீங்க” என்று சொல்லி அனுப்பினார்.

ஊர்ப் பிள்ளைகள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அவர்கள் பள்ளியின் பெரிய வாத்தியார் அப்பாவைப் பார்க்க வந்தார். ஒல்லியான மனிதர். ஊருக்கும் பயப்படுவார், அதிகாரிக்கும் பயப்படுவார். மனசாட்சிக்கும் கொஞ்சம் பயப்படுவார் என்று அம்மா சொல்வாள். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டே பேசினார்.

“பசங்க வந்துடுவாங்கப்பா. நான் பேசிட்டேன். இந்தத் தண்ணி விஷயம் மட்டும்...”

அவர் முடிப்பதற்குள் அப்பா, “அதுக்கு நான் ஏற்பாடு பண்ணிக்கிறேங்க சார்” என்றார்.

அந்த ஏற்பாடுதான் கப்புகள். பட்டறையில் சூளையிலிருந்து எடுக்கும்போது லேசாகக் கோணியதும் மெருகில் புள்ளி விழுந்ததும் தனியாகக் கிடக்கும். முதலாளியிடம் கேட்டு அவற்றில் நல்லதாகப் பார்த்து ஒரு கூடை நிறையக் கட்டிக்கொண்டு வந்தார் அப்பா. வெள்ளைக் கப்பு, விளிம்பில் மெல்லிசாகப் பச்சைக் கோடு. புதுப் பானை ஒன்றும் வாங்கினார். எங்கள் பானை எப்போதும் போல ஜன்னலுக்குக் கீழே இருந்தது, பக்கத்தில் எங்கள் அலுமினிய டம்ளர்கள். புதுப் பானையை வாசல் பக்கம் காற்று வரும் இடத்தில் மணல் பரப்பி வைத்து, பெஞ்சின் மேல் துணி விரித்துக் கப்புகளை வரிசையாகக் கவிழ்த்தார். இரண்டு பானைக்கும் தண்ணீர் ஒரே அடிபம்பிலிருந்துதான். புதுப் பானைக்கு ஊர்ப் பள்ளி ஆயா அடித்து ஊற்றுவார், பழைய பானைக்கு நாங்கள் அடித்து ஊற்றுவோம்.

ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாள் அவர்களும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. எண்ணெய் வைத்துச் சீவிய தலைகளாக எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர்கள் பாயில், நாங்கள் தரையில். இரண்டாம் நாள் ஒரு ஓணான் உள்ளே வந்தது. அதைத் துரத்திய பிறகு யார் எங்கே உட்கார்ந்தோம் என்று யாருக்கும் நினைவில்லை. ரைஸ்மில்காரர் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல், அதில் கனகாம்பரம். நன்றாகக் கணக்குப் போடுவாள், எனக்கும் காட்டுவாள்.

நாலைந்து நாள் போயிருக்கும். தண்ணீர் மணி அடித்தபோது அவள் கேட்டாள்.

“இந்தக் கப்பு உங்கப்பா செஞ்சதாமே?”

“அப்பா சூளையில வச்சது. காது ஒட்டுனது எங்கம்மா.”

“காது தனியாவா ஒட்டுவாங்க?”

“பின்ன? வா காட்டுறேன்.”

பெஞ்சிலிருந்து ஒரு கப்பை எடுத்தேன். காது சேரும் இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கும், அம்மாவின் கட்டை விரல் நீவிய இடம். அதை அவளுக்குக் காட்டினேன். அவள் விரலை வைத்துப் பார்த்தாள். கையில் கப்பு இருந்ததால் எனக்கும் தாகம் எடுத்தது. புதுப் பானைப் பக்கம் திரும்பினேன்.

அன்று சூளை ஆறும் நாள். அப்பா பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார், ஆடிக்கொண்டிருந்த ஒரு பெஞ்சுக்கு ஆணி அடித்துக்கொண்டு. சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“வையிடி. அது உனக்கு இல்ல.”

என் கையிலிருந்து கப்பை வாங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உள்ளேயும் வெளியேயும் நன்றாகத் துடைத்தார். பச்சைக் கோட்டை இரண்டு சுற்றுச் சுற்றித் துடைத்தார். பிறகு அதை ரைஸ்மில்காரர் பெண்ணிடம் நீட்டி, “நீ குடி பாப்பா” என்றார். அவள் என்னைப் பார்த்தாள், கப்பைப் பார்த்தாள், குடித்தாள். நான் ஜன்னலுக்குக் கீழே போய் என் டம்ளரில் குடித்தேன். எனக்கு அழுகை எல்லாம் வரவில்லை. அப்பா கொண்டுவந்த சாமான் எவ்வளவு உசத்தி, நானே தொடக் கூடாத அளவுக்கு உசத்தி என்றுதான் நினைத்தேன். அதை வீட்டில் போய்ச் சொல்ல எப்போது மணி அடிக்கும் என்று காத்திருந்தேன்.

அம்மா பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கொல்லையில் உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் காய்ந்துபோயிருந்த வெள்ளை மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“நம்ம கப்புலதான் ஊருப் பசங்க எல்லாம் தண்ணி குடிக்கிறாங்க. என்னையே தொட வுடல அப்பா.”

“தொட வுடலன்னா?”

“நான் எடுத்தேன். அப்பா வாங்கி துண்டால நல்லா தொடச்சிட்டு அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தாரு.”

“கை அழுக்கா இருந்துச்சா?”

“இல்ல. அப்பதான் கழுவிட்டு வந்தேன்.”

“கப்பு அழுக்கா இருந்துச்சா?”

“புதுக் கப்பும்மா.”

“அப்ப எதடி தொடச்சாரு?”

நான் யோசித்துப் பார்த்தேன். வேறு எதுவும் இல்லை. “நான் தொட்டத” என்றேன்.

அம்மா கழுவி முடித்த கையையே திரும்பவும் கழுவினாள். மெச்சிக்கொள்வாள் என்று எதிர்பார்த்து நான் பக்கத்திலேயே நின்றேன். சொம்புத் தண்ணீர் தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து புடவையை உதறிச் செருகிக்கொண்டு, “கூடைய எடு, வா” என்றாள்.

பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியார் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“சார், அந்தக் கப்ப எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயி காலையில தரேன்.”

“எதுக்கும்மா? ஆயா கழுவி வச்சிட்டாங்களே.”

“ஒரு வேல இருக்குதுங்க.”

அவர் கதவைத் திறந்துவிட்டார். அம்மா கப்புகளைத் துணியோடு கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். காலனிக்கு நடுவில் அடிபம்பு மேடை ஒன்று இருந்தது. கூடையை அங்கே இறக்கினாள். எங்கள் வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு எடுக்கும் தவலையைக் கொண்டுவரச் சொன்னாள். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். தண்ணீர் கொதித்ததும் டீத்தூளும் இஞ்சியும் போட்டு, வீட்டில் இருந்த வெல்லம் முழுவதையும் உடைத்துப் போட்டாள். வாசனை போன பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

“என்னா விசேஷம்? பொண்ணு வயசுக்கு வந்துடுச்சா?” என்று ஒரு பெண் கேட்டாள். நான் வெட்கப்பட்டுத் தவலைக்குப் பின்னால் போனேன்.

“அதெல்லாம் இல்ல. டீ குடிக்கத்தான் கூப்பிடுறேன். எல்லாரும் வாங்க. வேலைக்குப் போயிட்டு வந்தவங்க அப்பிடியே வாங்க.”

வயலிலிருந்து சேறோடு வந்தவர்கள் குடித்தார்கள். சாவுக்குக் குழி வெட்டுகிறவர் குடித்தார். பறை அடிக்கிறவர்கள் குடித்தார்கள். இருமிக்கொண்டே இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அம்மா இரண்டாவது முறையும் ஊற்றினாள். நான்தான் கப்பை வாங்கிக் கழுவிக் கழுவி அடுத்தவர்களுக்குக் கொடுத்தேன். இப்போது தொடலாமா என்று மட்டும் ஒரு முறை கேட்டேன். “நல்லா தொடு” என்றாள்.

பெரியப்பா கப்பைக் கையில் வாங்கி விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

“இது விருந்தாளிக் கப்பு இல்ல?”

“ஆமா மாமா.”

“தம்பிக்குத் தெரியுமா?”

“வந்தா தெரிஞ்சிக்கும்.”

“பெரிய கைகாரிதான் நீ” என்று சொல்லிவிட்டு, உறிஞ்சும் சத்தம் தெரு முனைக்குக் கேட்கும்படி குடித்தார்.

பெரிய வாத்தியார் ஊருக்குப் போக எங்கள் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். மறுபடியும் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதி முடித்துவிட்டுச் சைக்கிளை மிதித்து வந்தவர் கப்புகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அம்மா அவரிடம் நேராகப் போனாள்.

“சார், மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. எங்க காலனி முழுக்க இந்தக் கப்புல குடிச்சிருக்குது. விளக்கிக் காலையில வைப்பேன். நாளையிலருந்து எங்க புள்ளைங்களும் இதுலதான் குடிப்பாங்க. ஒரு பானை போதும். நீங்களே ஊருல சொல்லிடுங்க.”

“நாளைக்குப் பசங்கள அனுப்பலன்னா என்னம்மா பண்ணுவ?”

“எங்க புள்ளைங்க குடிப்பாங்க சார். கப்பு வீணாப் போவாது.”

அவர் தரையைப் பார்த்தார். அம்மா ஒரு கப்பில் டீயை ஊற்றி நீட்டினாள்.

“வயிறு சரியில்லம்மா எனக்கு.”

“எல்லா வாத்தியாருக்கும் இந்தத் தெருவுக்கு வந்தாதான் வயித்து வலி வருது” என்று பெரியப்பா யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். தெருவே சிரித்தது. வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் குடிக்கவில்லை. “நான் சொல்லிடறேன். மறைச்சாதான் தப்பாப் போவும்” என்று சொல்லி, அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டே தெருவைக் கடந்தார்.

சூளை ஆறிவிட்டதா என்று பார்க்கப் பட்டறைக்குப் போயிருந்த அப்பா வரும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்தே கூட்டத்தைப் பார்த்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று வேகமாக மிதித்து வந்தார். வந்து நின்றவர் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். எல்லாக் கையிலும் பச்சைக் கோடு போட்ட வெள்ளைக் கப்பு. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“என்னா காரியம் பண்ணி வச்சிருக்க?”

“டீ போட்டேன்” என்றாள் அம்மா.

“எத்தன நாளு அலைஞ்சேன் தெரியும் இல்ல உனக்கு? ஒவ்வொருத்தன் காலா புடிச்சி இப்பதான் உள்ள வந்து உக்காந்திருக்காங்க. நாளைக்கு ஒருத்தன் வர மாட்டான். ஒரே நாளுல எல்லாத்தையும் ஒடச்சிட்டியே.”

“அலைஞ்சீங்க. நான் இல்லன்னு சொல்லல. எதுக்கு அலைஞ்சீங்க?”

அப்பா சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினார். அம்மா விடவில்லை.

“ஒரு பானையில குடிக்கணும்னுதான அலைஞ்சீங்க? இப்ப ரெண்டாவது பானைய வாங்கியாந்தது யாரு? ஊருக்காரங்களா வாங்கியாந்தாங்க?”

“விருந்தாளின்னு வச்சேன். மரியாதைக்கு வச்சேன்.”

“விருந்தாளி வந்தா நாம குடிக்கிற கிளாஸுலதான குடுப்போம். அவங்க தனி டம்ளர் வச்சா அது அநியாயம். நாமளே தனி டம்ளர் வச்சா அது மரியாதையா?”

அம்மா சத்தம் போட்டுப் பேசவில்லை. பட்டறைச் சத்தத்தில் பழகியவள்தான், ஆனாலும் அன்று மெதுவாகத்தான் பேசினாள். அவள் கடைசியாகச் சொன்னது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் கேட்டிருக்கும்.

“இது தொட்ட கப்ப துண்டால தொடச்சீங்களாமே.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். துண்டு அங்கேதான் இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாதவர் போல நின்றார்.

அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அதற்கே வெகு நேரம் ஆனது. துண்டை மடித்துக் கேரியரில் வைத்தார். அம்மா ஒரு கப்பில் டீ ஊற்றி அவரிடம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து குந்தினார்.

“நீ குடிச்சியா?”

“இல்லப்பா. நான் கழுவித் தர வேல.”

“இந்தா. நீ மொதல்ல குடி.”

இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். வெல்லம் அடியில் தங்கி இருந்ததால் ஒவ்வொரு வாய்க்கும் இனிப்புக் கூடிக்கொண்டே போயிற்று. முழுவதையும் குடித்துவிட ஆசைதான். பாதியில் அப்பா கையை நீட்டினார். நான் என் பாவாடையால் விளிம்பைத் துடைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தொடைக்காத” என்றார். நான் வாய் வைத்த இடத்திலேயே வாயை வைத்து மிச்ச டீயைக் குடித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவலையில் இன்னும் நிறைய இருக்கும்போது அப்பா ஏன் என் எச்சிலைக் குடிக்கிறார், அவ்வளவு தாகமா என்று நான் நினைத்தேன். சூளைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தாகம் அதிகம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்புறம் அப்பா எழுந்து, “ஏம்மா, எனக்கு இன்னொண்ணு ஊத்து” என்றார். பெரியப்பா, “அப்பிடியே எனக்கும்” என்றார். பேச்சு மறுபடியும் கிளம்பியது. அப்பாவும் அம்மாவும் பம்பு மேடையில் உட்கார்ந்து கப்புகளை விளக்கினார்கள். அம்மா சாம்பல் போட்டுத் தேய்க்க, அப்பா தண்ணீர் அடித்து அலசினார். அப்பா ஒவ்வொரு கப்பையும் அலசிவிட்டு, அந்தக் காதை ஒரு முறை கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கூடையில் வைத்தார். காது ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்து, நானும் அதே மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுகூட ஒடியவில்லை என்று அவர்களிடம் சொன்னேன்.

மறுநாள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர்கூட வரவில்லை. ரைஸ்மில்காரர் பெண்ணும் வரவில்லை. பெரிய வாத்தியார் வந்ததும் வாசல் பக்கத்துப் பானையைக் காலி செய்து உள்ளறையில் கவிழ்த்து வைத்தார். தண்ணீர் மணி அடித்தபோது, வந்திருந்த எல்லோரும் ஜன்னலுக்குக் கீழே இருந்த பானையிலிருந்து, கைக்கு வந்த கப்பில் குடித்தார்கள்.